வடிவின் இழுவைக் கப்பல்

ஆவுடையப்பன் வீட்டை விட்டார், வெற்றிலையை விட்டார். செல்போனை மட்டும் விடாமல் மடத்தில் வந்து சேர்ந்தார். வீம்பையும்தான் விடவில்லை.

மடத்தை நடத்துகிற உலகம்மை அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் குரு குருதான். "தாயி" என்றுதான் கூப்பிடுவார்.

"அந்த டப்பாவுல அப்படி என்னய்யா பாக்கீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

திரையில் தெரிந்த கடல் வரைபடத்தில் ஒரு சின்னப் புள்ளியைக் காட்டினார். "எம் மக வடிவு வேலை பாக்குற இழுவைக் கப்பல், தாயி. முப்பத்திரண்டு மீட்டர் நீளம். அறுபது டன் இழுக்கும். போன வாரம் மங்களூரு, இப்போ கொச்சியில நிக்குது. நாளைக்குச் சாயங்காலம் மஸ்கட்டுக்குக் கிளம்புது. நடுக்கடலுக்குப் போயிட்டா போன் எடுக்காது."

"வடிவு எப்படி இருக்கா?"

"அது இதுல வராது."

"கேட்டா சொல்லுவாளே."

"பொட்டப்புள்ளைக்குக் கப்பல் வேலை எதுக்கு, போனா வீட்டுப் படியை மிதிக்காதேன்னேன். போயிட்டா. மூணு வருசமாச்சு. அவளா வந்து பேசுற வரைக்கும் நான் பேச மாட்டேன். ஆனா ஒரு நாள்கூட அவ மேல இருந்து கண்ணை எடுத்ததில்ல. இதுக்கு மேல ஒரு தகப்பன் என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க."

உலகம்மை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் விடிந்ததும் கும்பிட்டார். அவள் பார்த்தாள், பேசவில்லை. தண்ணீர் இறைத்தார், பார்த்தாள். "குழம்புக்கு உப்புப் போதுமா தாயி?" என்று கேட்டார். அதற்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடடா, மனுசர் தவித்துப்போனார்! மத்தியானம் சோறே இறங்கவில்லை.

கடைசியில் எதிரே போய் உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்? திட்டவாவது திட்டுங்க தாயி. இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா உசுரே போகுது."

"பேச என்ன இருக்கு? அஞ்சரை அடி உசரம். காலையில கிணத்தடி, அப்புறம் அடுப்படி, இப்போ என் எதுக்க. நான் கண்ணை எடுக்கவே இல்லையே."

ஆவுடையப்பன் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். வீம்பு கிடக்கட்டும், கப்பல் கிளம்ப இன்னும் நேரமிருக்கிறது. நம்பரை அழுத்தினார்.

மணி அடித்தது.

"அப்பா?" என்றது அந்தப் பக்கம்.

அவ்வளவுதான். போனைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"எடுத்துட்டா தாயி! நான் என்ன பேச?"

"சாப்பிட்டியான்னு கேளுங்க."