ஒழுகும் வீட்டில் எழுந்த புகை

முன்னொரு காலத்தில், நீதி என்றால் உயிரையே விடுகிற, காத்திருக்கச் சொன்னால் மட்டும் பொறுமையை விடுகிற ஒரு ராஜா இருந்தார். ஒருநாள் பல் துலக்கும்போது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. சபைக்கு வரும் எந்த வழக்கும் அன்று பொழுது சாய்வதற்குள் தீர வேண்டும். வழக்கென்று வந்துவிட்டால் யாராவது ஒருவர் தண்டனை பெற்றே ஆக வேண்டும் என்று முரசறையச் சொல்லிவிட்டார். ராஜாவுக்கு அது விளையாட்டு. ஊருக்குச் சீவன் போயிற்று.

அந்தச் சபையில் உலகப்பன் என்றொரு விகடன் இருந்தான். கல்லுடைக்கிற குடும்பத்தில் பிறந்து வாயால் பிழைக்க வந்தவன். களஞ்சியத்தில் எலிகள் ஏன் மெலிந்திருக்கின்றன என்று ராஜா ஒருமுறை கேட்டபோது, "அதிகாரி மிச்சம் வைத்தால்தானே?" என்று சொல்லிவிட்டான். சபை சிரித்தது. களஞ்சிய அதிகாரி பெத்தபெருமாள் சிரிக்கவில்லை. அவருடைய வீட்டில்தான் உலகப்பன் வாடகைக்கு இருந்தான் என்பது அவனுடைய கெட்ட நேரம்.

அந்த வீட்டுக் கூரை ஓட்டைச் சல்லடை. மழை பெய்தால் பின்கதவு ஊறி உப்பிக்கொள்ளும். முழங்காலால் முட்டுக்கொடுத்து மேலே தூக்கினால்தான் திறக்கும். சரிசெய்து தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவன் வாய் ஓய்ந்தது. மனைவி பூவாயி நிறைமாதக்காரி. ஒழுகாத வீடாகக் குயவர் தெருவில் ஒன்று பார்த்து, தரையை மெழுகி, அடுப்பை நீரூற்றி அவித்து, சாவியைப் பெத்தபெருமாள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

போனபின் வந்தது வழக்கு.

"மகாராஜா, உலகப்பன் என் வீட்டைக் காலிசெய்ய மறுக்கிறான். அவனை ஆணையிட்டு வெளியேற்ற வேண்டும்" என்றார் பெத்தபெருமாள். அப்படி வெளியேற்றப்படுகிறவன் பாயும் பானையுமாக ஊர் எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும், திரும்பக் கூடாது. அந்த நாட்டுச் சட்டம் அது.

காலி செய்தாயிற்று என்றான் உலகப்பன். அப்படியானால் காலையும் மாலையும் கூரையில் புகை எழுவதேன் என்று கேட்டார் பெத்தபெருமாள். புகை எழும் வீடு குடியுள்ள வீடு என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். தெருவே புகையைப் பார்த்திருந்தது.

உலகப்பனுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. நிறைமாத வயிற்றோடு பூவாயி எல்லை தாண்டி எவ்வளவு தூரம் நடப்பாள்? அவன் கண் அங்குமிங்கும் அலைந்து பெத்தபெருமாள் முகத்தில் நின்றது. அவர் இமைகள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. பட்டு அங்கவஸ்திரத்தில் ஈர வறட்டியின் புகை நெடி. ஆளை வைத்துச் செய்தால் ஆளுக்கு வாய் இருக்கும் என்று பயந்து, மனிதர் தாமே அடுப்பூதுகிறார் என்று புரிந்தது. புரிந்து என்ன? நிரூபிக்க வேண்டுமே.

ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். மேற்கே கருத்திருந்தது.

"மகாராஜா, மாலையில் தாங்களே வந்து பாருங்கள். புகை எழுந்தால் வெளியேற்றும் வேலையையும் எனக்கே தாருங்கள். என்னை நானே கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொள்கிறேன்."

தன்னைத் தானே தள்ளுகிறவனை ராஜா பார்த்ததில்லை. உடனே சம்மதித்தார். பெத்தபெருமாள் குறுக்கிட்டார்: "இவன் பெயரை மட்டும் சொன்னால் பெண்டாட்டி தங்கிவிடுவாள். அந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிறவர் எவரோ அவர் என்று ஆணையில் இருக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

உலகப்பன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்குப் போனான், வானத்தைப் பார்த்தான்.

"ஏன் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துறீக?" என்றாள் பூவாயி.

"மழை வரணும் புள்ள."

"ஒழுகுற வீட்ல இருந்தப்ப வராதேன்னு கும்பிட்டீக. இப்ப வரணுமா? அது என்ன உங்க வேலைக்காரியா?"

உச்சி சாய்ந்தும் ஒரு துளி இல்லை. காற்று வேறு கிளம்பி மேகத்தைத் தள்ளப் பார்த்தது. அவன் நகத்தைக் கடித்துத் தீர்த்தான். பிறகு, போனால் போகிறதென்பது போல், கொட்டித் தீர்த்தது.

மழை விட்டதும் ராஜா பரிவாரத்தோடு அந்த வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார். கூரையில் புகை எழுந்தது. வழக்குப் போட்டவரைத்தான் காணோம். மழையில் ஊறி உப்பியிருந்த பின்கதவை உள்ளிருந்து யாரோ உலுக்கும் சத்தம் கேட்டது. இழுக்கிற சத்தம், உதைக்கிற சத்தம், இருமல் சத்தம். உலகப்பன் அசையாமல் நின்றான். அன்று முழுவதும் அவன் அசையாமல் நின்றது அப்போதுதான். முன்கதவு படாரென்று திறந்தது. புகையோடு பெத்தபெருமாள் வெளியே வந்து விழுந்தார். மூக்கில் கரி, கையில் ஊதுகுழல்.

உலகப்பன் தயாராக வைத்திருந்த பாயை அவர் கக்கத்தில் செருகினான். பானையைத் தலையில் வைத்தான். "ராஜ ஆணை. நடங்க ஐயா, எல்லை அந்தப் பக்கம்."

"இது... என் வீடப்பா!"

"ஆணை வீட்டுக்காரரைக் கேட்கவில்லையே. அடுப்பு மூட்டுகிறவரைத்தானே கேட்டது. நீங்கள் சொன்ன வாசகம்தான் ஐயா."

ராஜா சிரித்தார். பக்கத்தில் நின்ற யானைப்பாகனின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பூதும் வேலையும் கைவந்துவிட்டதால் பெத்தபெருமாள் எல்லைக்கு அப்பால் போகலாம், அல்லது இந்த மழைக்காலம் முழுக்க இதே வீட்டில் குடியிருக்கலாம் என்றார். பெத்தபெருமாள் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு நெற்றியில் விழுந்தது. இருக்கிறேன் என்றார்.

உலகப்பனுக்கு முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்து இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார் ராஜா.

"நான் காலி செய்துவிட்டேன் என்று தெரு கேட்கத் தாங்கள் ஒருமுறை சொன்னால் போதும்."

ராஜா சொன்னார்.

அந்த மழைக்காலத்திலேயே பூவாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குயவர் தெரு வீட்டில் தரை காய்ந்திருந்தது. அந்தப் பழைய வீட்டைத் தாண்டிப் போனவர்கள் கூரை மேல் ஒருவர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஓலை வேய்வதைப் பார்த்தார்கள். எத்தனை வருஷமாகக் கேட்டும் நடக்காத வேலை, வீட்டுக்காரர் குடியேறிய மறுநாளே நடந்தது.