அடுத்த ஆள் வரும்வரை

மாசிலாமணி ஜெபிக்கக் கற்றுக்கொண்டது அறுபது வயதுக்கு மேல்தான். அதுவும் தன்னைவிட இருபது வயது இளையவளிடம்.

முப்பத்தைந்து வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. வீட்டில் ஜெபம் என்பது மனைவி லில்லியின் இலாகா. சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கண்ணை மூடினால், இவர் கையைக் கட்டிக்கொண்டு குழம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் செத்த பிறகு அந்த வீட்டில் ஆண்டவரோடு பேச ஆளில்லாமல் போயிற்று. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு நேசபுரம் கோயிலுக்குப் போனார். சபையில் வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபிக்கிற பைபிள் உமன் எப்சிபா அங்கே இருந்தாள்.

"எனக்கு ஜெபம் பண்ணச் சொல்லித் தாங்க, சிஸ்டர்."

"யாருக்காக அண்ணாச்சி?"

"மகனுக்காக."

மகன் ரூபன் வீட்டை விட்டுப் போய் அப்போதே எட்டு வருஷம் ஆகியிருந்தது. தாயின் அடக்கத்துக்குக்கூட அவன் வரவில்லை. சொல்லி அனுப்ப விலாசம் இருந்தால்தானே.

எப்சிபா சொல்லித் தந்தது கொஞ்சம்தான். மேலதிகாரியிடம் பேசுகிற மாதிரி பேச வேண்டாம், பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவரிடம் பேசுகிற மாதிரி பேசினால் போதும். அலங்காரம் வேண்டாம். தினமும் பேச வேண்டும். இவ்வளவுதான் பாடம்.

மாசிலாமணி மூன்று வருஷம் பேசினார். காலையில் ஒருமுறை, படுக்கும்முன் ஒருமுறை. 'ஆண்டவரே, ரூபனுக்கு நல்ல புத்தியைக் கொடும், அவனை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவாரும்.' சபையின் ஜெபக் குறிப்பு நோட்டிலும் அவன் பெயரை எழுத வைத்தார். ரூபன் வரவில்லை. கடுதாசி இல்லை, போன் இல்லை. இருக்கிறானா இல்லையா என்பதே தெரியவில்லை.

போன மாதம் ஒருநாள் அவர் எப்சிபாவிடம் கேட்டேவிட்டார்.

"ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, சிஸ்டர். தெரிஞ்ச விஷயத்தையே எத்தனை நாளைக்குச் சொல்லிக்கிட்டு இருக்கது?"

எப்சிபா கோயிலுக்குள் மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தேரிக்காட்டு ஓரத்துக் கோயில் அது. காலையில் கூட்டினால் மத்தியானம் மறுபடியும் செம்மண் வந்து படுத்துக்கொள்ளும். அவள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"எனக்குத் தெரியலையே அண்ணாச்சி."

ஏதாவது ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால்கூட மனுஷன் சமாதானமாகியிருப்பார். சொல்லித் தந்தவளுக்கே தெரியாது என்றால் அப்புறம் எனக்கு என்ன வந்தது என்று தோன்றிவிட்டது. அன்று ராத்திரி ஜெபிக்காமல் படுத்தார். அடுத்த மூன்று ஞாயிறும் கோயில் பக்கம் தலைகாட்டவில்லை. யாரும் வந்து கூப்பிடவும் இல்லை என்பதில் ஒரு வருத்தம். வந்திருந்தால் கதவைத் திறந்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

ஆனால் சங்கிலி ஜெபத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். அதுதான் வம்பாகப் போயிற்று.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஏழு வரை அரைமணிக்கு ஓர் ஆளாக முழங்காலில் நிற்பார்கள். அடுத்த ஆள் வந்து தோளைத் தொட்டால்தான் முந்தின ஆள் எழுந்திருக்கலாம். நடுவில் இடம் காலியாகக் கூடாது. மாசிலாமணிக்கு மத்தியானம் இரண்டு மணி. அவருக்கு முன்னால் தையல்காரி ரோசலின், பின்னால் பலசரக்குக் கடை வேதமுத்து.

நம்பிக்கை போனால் என்ன, டூட்டி டூட்டிதானே. ஒருத்தன் வராவிட்டால் இன்னொருத்தன் தலையில் விழும். டிப்போவில் இருந்தவருக்கு அது சொல்லித் தர வேண்டியதில்லை. கடைசியாக இந்த அரைமணி நேரத்தைக் கழித்துவிட்டு, ரூபன் பெயரையும் தன் பெயரையும் நோட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு கிளம்பினார். வழியில் சைக்கிள் பஞ்சர். உருட்டிக்கொண்டு வந்து சேரும்போது மணி இரண்டே கால்.

கோயில் கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. உள்ளே ஒருவரும் இல்லை.

ரோசலின் பார்த்துப் பார்த்து எழுந்து போய்விட்டாள் என்று நினைத்தார். அவரால்தான் சங்கிலி அறுந்துவிட்டது. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் ஓடிப்போய் முழங்கால் போட்டார்.

முதலில் ஊரார் குறிப்புகள். ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன், ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் தட்டிப்போகிறது, ஒருவர் தோட்டத்தில் போர் போட்டும் தண்ணீர் இல்லை. நினைவில் இருந்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டார். தன் காரியத்தை எடுக்கவில்லை.

இரண்டரை ஆயிற்று. வேதமுத்துவைக் காணவில்லை. கடையைச் சாத்திவிட்டு வர வேண்டாமா, வரட்டும்.

மூன்று மணிக்கு வேதமுத்துவை மனசுக்குள் திட்டினார். மூன்றரைக்கு வாய்விட்டே திட்டினார். முழங்கால் மரத்துப்போயிற்று. குதிகாலில் உட்கார்ந்து, பிறகு மறுபடியும் நிமிர்ந்தார். வாசலில் போய் எட்டிப் பார்க்கலாம் என்றால், அந்த நேரம் பார்த்து அந்த ஆள் வந்து தொலைத்தால் என்ன ஆகும்?

நாலு மணிக்கு மேல் காற்று மட்டும்தான். தெருவில் ஒரு பேச்சுக் குரல் இல்லை, ஒரு சைக்கிள் மணி இல்லை. லில்லி செத்த அன்றுகூட அவர் இப்படித் தனியாக இருந்ததில்லை. அன்றைக்கு வீடு கொள்ளாமல் ஆள் இருந்தது. இப்போது உலகத்தில் தான் ஒருத்தன்தான் மிச்சம் என்பது போல இருந்தது அவருக்கு. பயமாகக்கூட இருந்தது.

ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. பழக்கம் விடுமா, வாய் தானாகத் தொடங்கியது. 'ஆண்டவரே, ரூபனுக்கு நல்ல புத்தியை...' அதற்கு மேல் வரவில்லை. கேட்க ஒரு ஆள் இல்லாத இடத்தில் யாரிடம் நடிப்பது?

அப்ரண்டீஸ் வேலையை விட்டுவிட்டேன் என்று ரூபன் வந்து நின்ற அன்று, அவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தார். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதல. நான் செத்தாலும் வராத" என்றார். லில்லி அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரூபன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போனான். மூன்று வருஷ ஜெபத்தில் ஒருநாளும் அவர் இதைச் சொன்னதில்லை.

இப்போது சொன்னார். பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவரிடம் சொல்கிற மாதிரி, தட்டு விழுந்த சத்தம் முதற்கொண்டு சொன்னார். சொல்லி முடித்துவிட்டு அழுதார். ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் யாரும் வரவில்லை.

ஆறரைக்குத் தோளில் ஒரு கை பட்டது.

"என்னவே வேதமுத்து, இப்பதான் விடிஞ்சுதா உமக்கு?"

திரும்பினால் எப்சிபா. கையில் தூக்குச்சட்டி.

"வாசல்ல செருப்பு கெடக்கேன்னு பார்த்தா, அண்ணாச்சி, நீங்க இங்க என்ன செய்யுதீங்க? இன்னைக்குச் சங்கிலி ஜெபம் கிடையாதே. பக்கத்து ஊர்க் கோயில்ல அசன விருந்து. சபையே அங்கதான் பந்தியில இருந்துச்சு. அடுத்த வெள்ளிக்குத் தள்ளி வச்சிருக்குன்னு ஞாயித்துக்கிழமையே சொன்னாங்களே."

"ஞாயித்துக்கிழமை நான் வரலை."

"ஆமா, வரலை."

மாசிலாமணி எழுந்திருக்கப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவளும் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப நாலு மணி நேரமா வராத ஆளுக்குக் காவல் இருந்திருக்கேன். என்னை மாதிரி மடையன் உண்டுமா?"

"எழுந்து போயிருக்கலாம்லா?"

"எப்படிப் போக? எனக்கு அடுத்தாப்ல ஆள் உண்டும்லா. வாரவுக வரும்போது இடம் காலியாக் கெடந்தா?"

"அவுகதான் வரலையே."

"வரலைன்னு இப்பத்தான தெரியுது. அப்ப வருவாகன்னுதான இருந்தேன்."

"நாலு மணி நேரமாவா?"

"நாலு மணி நேரம் ஆயிட்டா, இனிமே வரவே மாட்டாகன்னு ஆயிருமா, சிஸ்டர்?"

கோபமாகத்தான் சொன்னார். எப்சிபா தூக்குச்சட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தொடவில்லை.

"சிஸ்டர், ரூபன் அவனாப் போகலை. நான்தான் வராதன்னு சொன்னேன். செத்தாலும் வராதன்னு சொன்னேன்."

"இதை யார்ட்டயாவது சொன்னீங்களா?"

"இன்னைக்குத்தான். இங்க வச்சு."

அவள் தலையை ஆட்டினாள்.

"வராதன்னு சொன்ன வாயால கொண்டுவாரும்னு கேக்க இனி எனக்கு முகம் இல்ல" என்றார். "அவன் பேரை நோட்டுல இருந்து அடிச்சிருங்க. என் பேரையும்."

எப்சிபா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அடுத்த வெள்ளிக்கான பக்கத்தைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றினாள். இருட்டிக்கொண்டு வந்ததால் நோட்டைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு மணிக்கு உங்க பேர்தான் இருக்கு அண்ணாச்சி."

"அதைத்தான் அடிக்கச் சொல்லுதேன். விசுவாசம் இல்லாதவன் வந்து முழங்கால் போட்டா என்ன, போடாட்டா என்ன? நான் இல்லாமப் போனா யாருக்கு என்ன நட்டம்?"

அவள் அடிக்கவில்லை. பேனாவை மூடினாள்.

"ரூபன் வரும்போது இடம் காலியாக் கெடந்தா?"