வகுப்பு எங்கே நடக்கும்?

நாகர்கோவில் கட்டடக்கலைக் கல்லூரியில், வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கும் புதுத் திட்டத்தில் முதலில் சேர்ந்தவள் ஜெபசெல்வி. பாதி வாரம் கட்டட வேலை நடக்கும் சைட், பாதி வாரம் வகுப்பு. முதல்வர் தாணுலிங்கத்துக்கு அந்தத் திட்டமே பிடிக்கவில்லை. பல்கலைக்கழகக் குழு பார்வையிட வந்த அன்று, வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளை எழுப்பி நிறுத்தினார்.

"வெள்ளிக்கிழமை என் வகுப்பு. அன்னைக்குத்தான் உன் சைட்டில் கான்கிரீட் போடுறாங்க. ரெண்டு இடத்திலும் நீ இருக்கணும். ஒண்ணு தவறினாலும் படிப்பை விட்டுப் போயிடணும்."

ஜெபசெல்வி கேட்டாள்: "சார், வகுப்புன்னா இந்த அறையா, நீங்களா?"

முதல்வர் மீசையைத் தடவிக்கொண்டார். "அறையில என்ன இருக்கு? நான் நிக்கிற இடந்தான் வகுப்பு!"

"அப்போ வெள்ளிக்கிழமை சைட்டுக்கு வந்து நில்லுங்க சார். நான் ரெண்டிலயும் இருந்துடுவேன்."

குழுவினர் சிரித்துவிட்டார்கள். "நாங்களும் வர்றோம்" என்றார் குழுத் தலைவி. முதல்வரால் சொன்ன சொல்லை விழுங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஹெல்மெட்டோடு முறைத்தபடி மாடியேறியவர், கான்கிரீட் கொட்டத் தொடங்கியதும் குனிந்து பார்த்தார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. மேஸ்திரிக்குப் பதில் சொல்லியே வாய் வலித்தது.

"வகுப்பு முடியுற நேரம் ஆச்சு சார், கிளம்பலாமா?" என்றாள் ஜெபசெல்வி.

"நீ போம்மா, உன் வருகை பதிவாயிட்டு" என்றார் முதல்வர். "நான் இது இறுகுறதைப் பார்த்துட்டு வாரேன்."