தொட்டில் வாங்கப் போனவர்

"சிஸ்டர், பயப்படாதேன்னு என் மகள்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

இன்னாசி இதைச் சொன்னபோது அவர் தோளில் ஒரு நீளமான கம்பளிச் சுருள் இருந்தது.

சிஸ்டர் பெர்பெத்துவா பீன்ஸ் பந்தலுக்குள் நின்றிருந்தார். நிமிரவில்லை.

மலைமேல் இருக்கும் அந்தச் சின்னக் கன்னியர் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை காலையில் யாரும் வரலாம், எதையும் கேட்கலாம். ஆனால் கேட்பவருடைய கை சும்மா இருக்கக் கூடாது. களை பிடுங்கலாம், குச்சி ஊன்றலாம். ஒன்றும் தெரியாதவர்கள் காய் பறிக்கலாம்.

"அதைக் கீழே வெச்சிட்டு இந்தக் கொடியைக் கட்டுங்க, இன்னாசி சார்."

சிஸ்டருக்கு வயது நாற்பத்தொன்று. இன்னாசிக்கு அறுபது. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் அதிகாரம் செய்துவிட்டு ஓய்வு பெற்றவர். இந்தத் தோட்டத்தில் மட்டும் சொன்னதைச் செய்வார்.

கம்பளியைக் கீழே வைத்தார். கொடியைக் கையில் எடுத்தார்.

"சலேத்மேரி பெட்டியைக் கட்டிட்டா, சிஸ்டர்."

"பிரசவத்துக்கு வந்த பொண்ணா? குழந்தைக்கு இன்னும் மூணு மாசம் ஆகலையே?"

"ஐம்பத்திரண்டு நாள். நாளைக் காலை ஆறு மணி பஸ்சுக்குக் குழந்தையைத் தூக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போறாளாம். மருமகனுக்குப் போன் பண்ணிட்டா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. நீங்க சொன்னா கேப்பா."

"என்ன சொல்லணும்?"

"அது காலித் துப்பாக்கின்னு."

பக்கத்துப் பாத்தியில் காய் பறித்துக்கொண்டிருந்த தெரசம்மா தலையைத் தூக்கினார். அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர். வாய் சும்மா இருக்காது.

"இன்னொண்ணு வாங்கிட்டீங்களா, சார்? இது எத்தனையாவது?"

"ஏழாவது."

"சட்டப்படி ரெண்டுதானே வெச்சுக்கலாம்?"

"ரெண்டுதான் வெச்சிருக்கேன். ஒண்ணு வந்தா ஒண்ணைக் கொடுத்துடுவேன்."

"பழைய துணிக்குப் பாத்திரம் வாங்குற மாதிரி."

"தெரசம்மா, நான் எதையுமே வாங்கணும்னு போய் வாங்கினது இல்ல. முதல் துப்பாக்கி, பல்லு பிடுங்கப் போன இடத்துல டாக்டர் வெச்சிருந்தாரு. ரெண்டாவது, என் மச்சினன் கல்யாணத்துல. மூணாவது..."

"பல்லைப் பிடுங்கினீங்களா?"

இன்னாசி கொடியை முடிச்சுப் போட்டார்.

"இல்ல. அது இன்னும் அப்படியேதான் இருக்கு."

சிஸ்டர் சிரித்தார். "சரி, இந்த ஏழாவது?"

"மேல பழைய பங்களா ஒண்ணு இருக்கில்ல, அங்க நேத்து சாமான் ஏலம். ஈட்டி மரத்துல ஒரு தொட்டில் இருக்குன்னு கேள்விப்பட்டேன். சலேத்மேரி இன்னும் சேலையிலதான் தூளி கட்டிப் போட்டிருக்கா. பேரனுக்குத் தாய்வீட்டுத் தொட்டில் நல்லதா இருக்கட்டுமேன்னு போனேன். கீறல் விழக் கூடாதுன்னு இந்தக் கம்பளியைக் கூட எடுத்துட்டுப் போனேன்."

"தொட்டில் நல்லா இருந்ததா?"

"எங்க பார்த்தேன்? உள்ளே நுழைஞ்சதும் எதிர்ச் சுவத்துல இது மாட்டியிருந்தது."

அவர் குனிந்து கம்பளியைப் பிரித்தார்.

வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கி. நீளமான ஒற்றைக் குழல். பின்கட்டை முழுக்கத் தேன் நிறத்தில் மரவரிகள் ஓடின. வெயில் பட்டதும் அவை நகர்வது போலிருந்தது.

தெரசம்மா கையிலிருந்த காயோடு எட்டிப் பார்த்தார்.

"இந்த மரத்தைப் பாருங்க. இனிமே யாரு செய்வா? நான் திட்டம் போடல, சிஸ்டர். சத்தியமா. கையைத் தூக்கினது கூடத் தெரியாது. ஏலக்காரர் என் பேரைக் கேட்டப்பதான் தெரிஞ்சது."

"உடனே கொடுத்துட்டாங்களா?"

"அங்கேயே ஆபீசர் இருந்தாரு. லைசென்ஸ் புத்தகத்துல பதிஞ்சு கொடுத்துட்டாரு."

"புத்தகம் எங்க இருந்தது?"

"சட்டைப் பையில."

சிஸ்டர் ஒரு காயைக் கிள்ளிக் கூடையில் போட்டார்.

"தொட்டிலுக்கு லைசென்ஸ் வேணுமா, சார்?"

தெரசம்மா பாத்தியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

இன்னாசி சிரிக்கவில்லை. அவர் காது சிவந்திருந்தது.

"நீங்க கேலி பண்ணலாம். ஆனா அவ பயத்துக்குக் காரணமே இல்ல. வீட்டுக்குள்ள கொண்டு வந்ததும் கத்தினா. உள்ளே என்ன இருக்கு, உள்ளே என்ன இருக்குன்னு அதையே கேட்டா. சும்மா சுவத்துல மாட்டுற துப்பாக்கிம்மா, உள்ளே என்ன இருக்கப் போகுதுன்னேன். நம்பல. அவ கண்ணு முன்னாலயே, சுத்தியல் மாதிரி இருக்குமே, அந்தக் குதிரையை இழுத்து விசையை அழுத்திக் காட்டினேன். டக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். தூளியில தூங்கின குழந்தை கூட முழிக்கல. அதுக்கு அப்புறம்தான் பெட்டியை எடுத்தா."

"ம்."

"கான்வென்ட்ல படிச்ச பொண்ணு. இப்படியா பயப்படுவாங்க? பாட்டிலைப் பத்துத் தடவை கொதிக்க வைக்கிறா. ஜன்னல் கொக்கியை எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குறா. குழந்தை மூச்சு விடுதான்னு மூக்குல விரல் வைக்கிறா. நான் முப்பது வருஷமா துப்பாக்கியோட இருக்கிறவன். எனக்குத் தெரியாதா?"

சிஸ்டர் பந்தலை விட்டு வெளியே வந்தார். துப்பாக்கியைத் தொடவில்லை. கிணற்றைப் பார்ப்பது போல அதன் வாயைப் பார்த்தார்.

"இது எவ்வளவு ஆழம்?"

"ஆழமா?" இன்னாசிக்கு இப்போது சிரிப்பு வந்தது. "குழல் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழம், சிஸ்டர்."

"பார்த்தீங்களா?"

"வழக்கமாப் பார்ப்போம். பழைய துப்பாக்கி எது கைக்கு வந்தாலும் முதல் வேலை அதுதான். கூடவே ஒரு கம்பி இருக்கும். அதை உள்ளே விட்டு எடுத்து, வெளியே வெச்சு அளந்து பார்க்கணும். எங்க நண்பர்களுக்கெல்லாம் நான்தான் அதைச் சொல்லிக் கொடுத்தேன்."

"இதுக்கு?"

"இதுக்குக் கம்பி இல்ல. எங்கேயோ தொலைஞ்சு போச்சு."

சிஸ்டர் சுற்றிலும் பார்த்தார். கொடி ஏறாத ஒரு மூங்கில் குச்சியைப் பிடுங்கினார். முந்தானையால் மண்ணைத் துடைத்து அவரிடம் நீட்டினார்.

இன்னாசி வாங்கிக்கொண்டார். விளையாட்டுக்கு ஆடுகிறவர் போலத் துப்பாக்கியை வானம் பார்க்க நிறுத்தி, குச்சியை உள்ளே விட்டார். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. நின்றது. வாயோரத்தில் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தார். குழலின் மேலே கிடத்தினார்.

கட்டைவிரல் குழலின் வாயில் இருந்தது. குச்சியின் நுனி குழலின் அடிக்குப் போய்ச் சேரவில்லை.

நான்கு விரல் குறைந்தது.

அவர் மறுபடி விட்டார். மறுபடி எடுத்தார்.

நான்கு விரல்.

"என்ன சார், குச்சி குட்டையா?" என்றார் தெரசம்மா.

"குச்சி குட்டை இல்ல."

"அப்போ உள்ளே மண்ணா? துருவா?"

இன்னாசி குச்சியைக் கீழே போட்டார். குழலின் வாயைத் தன் முகத்திலிருந்தும் அவர்கள் முகத்திலிருந்தும் விலக்கி, வெற்று மலைச்சரிவுப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ மருந்தும் குண்டும் கெட்டிச்சு வெச்சிட்டு, சுடாமலே சுவத்துல மாட்டியிருக்காங்க." அவர் குரல் தேய்ந்து வந்தது. "அப்படியே விட்டுட்டாங்க. பொறி குடுக்கிற கேப்பு ஒண்ணுதான் இல்ல. அது மட்டும் இருந்திருந்தா..."

காற்றில் பீன்ஸ் இலைகள் அசைந்தன.

"நேத்து வீட்டுல," சிஸ்டர் மெதுவாகக் கேட்டார், "நீங்க விசையை அழுத்திக் காட்டினப்போ, இது எந்தப் பக்கம் பார்த்துட்டிருந்தது?"

இன்னாசி பாத்தியில் உட்கார்ந்துவிட்டார். இளம் கொடி ஒன்று அவருக்கு அடியில் நசுங்கியது.

"தண்ணி வேணும் சிஸ்டர்," என்றார்.

தெரசம்மா குடிக்கத் தண்ணீர் கொண்டுவர எழுந்தார்.

"எனக்கு இல்ல. இதுக்கு."

சிஸ்டர் செடிக்கு ஊற்றும் பூவாளியை எடுத்து வந்தார். இன்னாசி அதன் மூடியைக் கழற்றிவிட்டு, குழலுக்குள் ஊற்றினார். மெல்ல ஊற்றினார். நிறையும்வரை ஊற்றினார். பின்கட்டையின் தேன் நிறத்தின் மேல் தண்ணீர் வழிந்தது. நேற்றாக இருந்தால் அந்த மரத்தில் ஒரு சொட்டு விழ விட்டிருக்க மாட்டார்.

"இனி அது நனைஞ்ச மண்ணுதான். டவுன் கடைக்காரர் வெளியே எடுத்துடுவாரு."

"சரி."

அவர் எழுந்தார். நனைந்த துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றினார். ஒரு முனையைச் சுற்றும்போது கை நின்றது.

"அவளுக்கு எப்படி சிஸ்டர் தெரிஞ்சது?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் சிஸ்டர், நசுங்கிய கொடியை நிமிர்த்தியபடி. "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்."

வாசல்வரை போன இன்னாசி திரும்பி வந்தார்.

"நீங்க அவகிட்ட வந்து சொல்ல வேண்டாம்."

"நான் வரேன்னு சொல்லவே இல்லையே!"

அன்று மதியமே டவுன் துப்பாக்கிக் கடையில் நீண்ட திருகுகம்பியை விட்டு இழுத்தார்கள். முதலில் தேங்காய் நார் வந்தது. பிறகு கறுப்புச் சேறு. பிறகு ஈயக் குண்டுகள், ஒவ்வொன்றாக, ஒரு சின்னக் கிண்ணம் நிறைய.

கடைக்காரர் கிண்ணத்தை ஆட்டிப் பார்த்தார். "யாரு சார் இதைச் சோதிக்காம வாங்கினது?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு," என்றார் இன்னாசி. துப்பாக்கியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு, ரசீதைப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது மாலை வெயில் கூடத்துக்குள் விழுந்திருந்தது.

கட்டிய பெட்டி வாசலுக்கு அருகில் இருந்தது. சலேத்மேரி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். குழந்தை தோளில் கிடந்தது.

"சிஸ்டர் என்ன சொன்னாங்க? காலின்னு சொன்னாங்களா?"

"உள்ளே இருந்ததும்மா."

அவள் குழந்தையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"நிறைய இருந்தது," என்றார். "இப்போ எடுத்தாச்சு. துப்பாக்கியும் வீட்டுக்கு வராது."

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பெட்டியை விட்டு எழவும் இல்லை.

இன்னாசி வெளியே போனார். அதே கம்பளியில் சுற்றிய வேறொன்றை, பாரம் தாங்காமல் மூச்சு வாங்கியபடி, தூக்கிக்கொண்டு வந்தார். கூடத்தின் நடுவில் வைத்துப் பிரித்தார்.

ஈட்டி மரத் தொட்டில். ஏலத்தில் யாரும் எடுக்காமல் பங்களா மூலையில் கிடந்ததை, வரும் வழியில் வாங்கி வந்திருந்தார்.

சலேத்மேரி பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை.

இன்னாசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கம்பாகப் பிடித்து ஆட்டினார். மூட்டுகளில் விரல் வைத்து அழுத்தினார். சாய்த்துவைத்து அடிப்பலகையைத் தட்டினார். நிமிர்த்தி, தோள்வரை கையை உள்ளே விட்டு, மூலைமூலையாகத் தடவினார். முடிந்தது என்று பார்த்தால், மறுபடி முதல் கம்பிலிருந்து தொடங்கினார்.

குழந்தை ஒரு ஏப்பம் விட்டது.

"என்னப்பா தேடுறீங்க?" என்றாள் கடைசியில். "சும்மா தொட்டில்தானே? உள்ளே என்ன இருக்கப் போகுது?"

"பார்த்துட்டுச் சொல்றேம்மா."

சலேத்மேரி எழுந்தாள். பெட்டியைத் திறந்து, மேலாக மடித்து வைத்திருந்த குழந்தையின் மெத்தையை எடுத்து, அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.