புதன்கிழமை ஏழு மணி வகுப்பு

புஷ்பநாதன் ரயில்வேயில் ரயில்கள் ஓடும் நேரத்தைக் கண்காணிக்கும் கண்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து மதுரைக்கு வந்தார் என்பது அவருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று, குடும்ப வரலாறு சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்புகளில் சேர்ந்தார். ஒன்றல்ல, ஐந்து. செல்போன் காலண்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். போதாதென்று, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலும் சிவப்பு மையால் குறித்து வைத்தார்.

அப்படியும் ஒரு வகுப்பு தவறிப்போனது.

மறுநாள் காலை ஆசிரியை ரெஜினாவுக்குப் போன் செய்தார். ரெஜினா அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர்.

"மேடம், இந்தக் காலண்டரை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது? அரை மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு தடவை அடிச்சுது. பத்து நிமிஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை அடிச்சுது. தயாரா உட்கார்ந்திருந்தேன். அப்பவும் வகுப்பு போச்சு."

"என்ன ஆச்சு?"

"கோவில்பட்டி சித்தப்பா போன் பண்ணிட்டார். வைக்கவே மாட்டேங்கிறார். முக்கால் மணி நேரம்!"

"என்ன பேசினார்?"

"என்ன பேசுவார்? தாத்தா, அவரோட அப்பா, வெள்ளம், மாட்டு வண்டின்னு பழங்கதை. நான் 'ம்' கொட்டிக்கிட்டே வகுப்பு லிங்க்கைத் தேடிக்கிட்டிருந்தேன்."

ரெஜினா உடனே கேட்டார்.

"வண்டி எந்த ஊர்ல இருந்து கிளம்புச்சாம்?"

"ஏதோ ஊர் பேர் சொன்னார் மேடம். அந்த நேரம் பார்த்து மறுபடியும் காலண்டர் அடிச்சுது. காதுல விழலை."

"நேத்து என்ன பாடம்னு தெரியுமா?"

புஷ்பநாதன் செல்போனைப் பார்த்துப் படித்தார். "'வீட்டுப் பெரியவர்களிடம் பழைய செய்திகளைக் கேட்டறிவது எப்படி?' அதுதான் மேடம் எரிச்சல். எவ்வளவு முக்கியமான பாடம்! ரெக்கார்டிங் இருந்தா அனுப்புங்க."

"சித்தப்பாவைத் திருப்பிக் கூப்பிட்டீங்களா?"

"அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதி கூப்பிடணும். பச்சை நிறத்துல போட்டு வெச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி இடமே இல்லை."

"அவருக்கு என்ன வயசு?"

"எண்பத்தொன்பது."

ரெஜினா பெருமூச்சு விடுவது போனில் கேட்டது.

"அவர் நம்பரைச் சொல்லுங்க சார். நானாவது கேட்டுக்கிறேன்."