ஒன்பது இஞ்ச் சுவர்

அம்பாசமுத்திரத்து வேலாண்டிக்கு ஐம்பத்து நாலு வயசில் ஒரு வாத்தியார் வாய்த்தாள். பேர் பெனிட்டா, வயசு இருபத்தேழு, இன்டர்நெட் கம்பெனியில் இன்ஜினியர். முப்பது வருஷம் கேபிள் டிவிக்குக் கம்பம் ஏறிய மனுஷன், புதுத் தொழில் படிக்க நோட்டும் பேனாவுமாக அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"மக வயசுப் பிள்ளைகிட்ட கை கட்டி நிக்கீரே வே" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள்.

"கட்டிக்கிடக் கைதான் ரெண்டு இருக்கே" என்பார்.

ஒருநாள் கேட்டார். "டீச்சரம்மா, ஒரு வீட்ல இருந்து இன்னொரு வீட்டுக்குச் சேதி எந்த வழியாப் போகுது?"

"உங்க வீட்ல இருந்து பக்கத்து வீட்டுக்கே அனுப்பிப் பாத்துருவோம், அண்ணே."

வேலாண்டி முகம் சுருங்கியது. பக்கத்து வீட்டில் இருப்பது அவருடைய அண்ணன் மாசானமுத்து. ஒரே வீடுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடுவில் சுவர் எழும்பிவிட்டது. அம்மா செத்த சேதி கோவில்பட்டியில் கம்பத்து மேல் நின்ற வேலாண்டிக்குக் கடைசியாகத்தான் வந்தது. ஓடி வந்தபோது சிதை எரிந்து தணிந்திருந்தது. அப்பவே சொல்லிவிட்டேன் என்றார் அண்ணன். வந்து சேரவில்லை என்றார் தம்பி. அன்றோடு பேச்சு நின்றது.

அண்ணன் மகன் இசக்கிராஜா பெனிட்டாவோடு படித்தவன். அவன் வீட்டு இன்டர்நெட் எண்ணை அவளே கேட்டு வாங்கினாள். வேலாண்டி வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த எண்ணுக்கு ஒரு சேதி விட்டாள். அது போன தடம் திரையில் வரிவரியாக விழுந்தது. திருநெல்வேலி, மதுரை, சென்னை, மும்பை. அங்கே கம்பெனி மாறி, மறுபடி சென்னை, மதுரை, திருநெல்வேலி, அம்பாசமுத்திரம்.

வேலாண்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒன்பது இஞ்ச் சுவருக்குப் பம்பாயா?"

"நம்ம கம்பெனியும் அவங்க கம்பெனியும் கைகோக்குற இடம் அங்கதான் இருக்கு."

"அந்தப் பக்கம் தும்முனா எனக்குக் கேக்கும் தாயி."

"கேக்கும். ஆனா வழி இல்லையே, அண்ணே."

"வழி போட முடியாதா?"

"சுவர்ல ஒரு ஓட்டை. ஒரு வயரு. ரெண்டு பக்கமும் செருகணும்."

"யாரு மொதல்ல துளைக்கணும்?"

அவள் பையிலிருந்து பத்து மீட்டர் வயரைச் சுருளாக எடுத்துக் கொடுத்தாள். வேலாண்டி அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கண் அசந்த நேரம், அந்தப் பக்கமிருந்து டிரில்லிங் மெஷின் இரைந்தது. சுவர் அதிர்ந்தது. வேலாண்டிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"இன்னும் என்னத்தத் தோண்டுதாக? இந்தப் பக்கம் ஒரு பொட்டுத் தூசி விழுந்தா கைய ஒடிச்சிருவேன்."

மெஷின் நின்றது. அப்புறம் இரையவில்லை.

ஐப்பசி மழையில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கம்பத்து மேல் நின்றிருந்தார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஒரு கையால் கம்பத்தை அணைத்துக்கொண்டு மறுகையால் எடுத்துப் பார்த்தார். இசக்கிராஜா அனுப்பியிருந்தான்.

'சித்தப்பா, அப்பா இப்பதான் போயிட்டாங்க. நெஞ்சுவலி. என்ன ஆனாலும் உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு சொல்லியிருந்தாங்க. வேற யாருக்கும் இன்னும் சொல்லல.'

கீழே நின்ற ஆள்கள், "என்ன வே, ஏறத் தெரிஞ்சவருக்கு எறங்கத் தெரியலையா?" என்று சத்தம் கொடுத்தார்கள். வேலாண்டி வெகுநேரம் இறங்கவில்லை.

பதினோரு வருஷம் கழித்து அண்ணன் வீட்டு வாசல்படி ஏறினார். உள்ளே, பொதுச்சுவரில், கட்டிலை ஒட்டி, பழைய துண்டுத்துணி சொருகிய துளை ஒன்று இருந்தது. அதன் கீழே ஆணியில் ஒரு வயர்ச் சுருள் தொங்கியது.

"சேதி பம்பாய் போய் வருதுன்னு பெனிட்டா அனுப்புனத ராஜா வந்து காட்டுனான்" என்றாள் மதினி. "உங்க அண்ணன் சிரிப்பாகன்னு பாத்தேன். சிரிக்கல. மறுநாளே போயி மெஷினுக்குச் சொல்லி வச்சாக. பாதி துளைச்சிருப்பாக. நீங்க சத்தம் போட்டீக."

"மேக்கொண்டு துளைக்கலையா மதினி?"

"தம்பிக்குப் பிடிக்கல போலன்னுட்டு வச்சிட்டாக."

பதினாறு கழிந்த மறுநாள் வேலாண்டி பெனிட்டா முன்னால் வந்து உட்கார்ந்தார். நோட்டு கொண்டுவரவில்லை.

"அண்ணன் துளைச்ச ஓட்டையில குச்சிய விட்டுப் பாத்தேன், டீச்சரம்மா. நாலரை இஞ்ச்ல நிக்கி." கையால் அளவு காட்டினார். "கொத்தனார வச்சு அடைச்சிரட்டுமா? இனி அது யாருக்கு?"

பெனிட்டா எழுந்துபோய் அலமாரியிலிருந்து டிரில்லிங் மெஷினை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

"மீதி நாலரை இஞ்ச் உங்க பக்கம், அண்ணே."