பாதிக் கோடு

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடன் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். டிவி ரிப்பேர் பார்த்துவந்த அருள்ராயன், அந்தப் பிழைப்பு படுத்துப்போனதும் மெஹருன்னிசாவிடம் வந்து சேர்ந்தவன். விரல் அசைவைத் திரைக்குப் புரியவைக்கிற வேலையை அவர்தான் அவனுக்கு அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார்.

பேச முடியாத நோயாளிகளுக்காக ஒரு பலகை செய்துகொண்டிருந்தார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு தொடுதிரை. கை அதன்மேலேயே கிடக்கும். விரலால் கீழே ஒரு கோடு இழுத்தால் "தண்ணீர்" என்று பலகை வாய்விட்டுச் சொல்லும். வட்டம் போட்டால் "வலிக்குது." குறுக்கே இழுத்தால் "திருப்பிப் படுக்க வையுங்க." அவ்வளவுதான் அதன் பாஷை.

அருள்ராயனுக்கு அதில் ஒரு குறை. விரலை எடுத்த பிறகுதான் பலகை பேசியது. சாகக் கிடக்கிறவன் அத்தனை பாடுபட வேண்டுமா? பாதிக் கோட்டிலேயே கண்டுபிடித்துவிட்டால் ஆயிற்று. மீதியைப் பார்க்காமல் விட்டால் பேட்டரியும் மிச்சம்.

குருவிடம் கேட்டான். விரல் எழும்பும்வரை காத்திருங்கள் என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காத்திருக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? அந்த நேரம் பார்த்து அவனுடைய அண்ணன் சூசைமாணிக்கம் படுக்கையில் விழுந்தார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். பேச்சு போயிற்று. ஆஸ்பத்திரியிலும் கையை விரித்து, வலிக்கு ஒரு பாட்டில் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தகப்பனில்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்த அண்ணன் அவர்.

அருள்ராயன் அவருக்கென்று ஒரு பலகையை எடுத்துப்போனான். குருவிடம் சொல்லாமல் அதில் தன் கைவரிசையையும் காட்டினான். கீழ்நோக்கித் தொடங்குகிற எதுவும் இனி பாதியிலேயே தண்ணீர்தான். நோயாளிகள் அதிகம் கேட்பது அதைத்தானே? வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ஆள்காட்டி விரலால் கோடும் வட்டமும் வரையச் சொல்லிப் பார்த்தான். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"பாதி இழுத்தாப் போதும்ணே. மீதியை நான் பார்த்துக்கிறேன்," என்று அண்ணன் காதோரம் சொன்னான்.

கொஞ்ச நாளில் அண்ணன் போய்ச்சேர்ந்தார்.

அடக்கமும் பூசையும் முடிந்து வேலைக்குத் திரும்பியவன் நேராகக் குருவின் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். முகம் கறுத்துக் கிடந்தது. அவர் கேட்காமலே கொட்டித் தீர்த்தான். கடைசி நாள் பூராவும் அண்ணன் தண்ணீர் தண்ணீர் என்றே கேட்டார். பலகை சொன்ன மாத்திரத்தில் அண்ணி எழுந்து செம்பை எடுக்க ஓடுவாள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விட்டால் மறுபடி தண்ணீர். கண்ணிலிருந்து நீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. ஆனால் ஒன்று, வலியில்லாமல் போனார், அதுதான் ஆறுதல். மருந்துப் பாட்டிலின் மூடியைக்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

"கேட்டதும் அவர்தான், வேண்டாம்னதும் அவர்தான். ஏன் மேடம்?"

பலகையில் ஏதாவது மாற்றினீர்களா என்று மெஹருன்னிசா கேட்டார். அவன் சொன்னான். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப்பார்த்தது, பாவம்.

பலகை பேசிய பிறகும் விரல் அசைந்ததா என்று கேட்டார்.

அசைந்தது, நடுக்கம் என்று விட்டுவிட்டோம் என்றான்.

அவர் மேசையிலிருந்த பாட்டிலைச் சாய்த்து ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றினார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க சார்."

"அண்ணனுக்கு..." என்று ஆரம்பித்தான். தம்ளரை அவன் கையில் கொடுத்தார். மரியாதைக்கு வாங்கிக் குடித்தான்.

"அண்ணனுக்கு அன்னிக்கு..." மறுபடி ஊற்றிக் கொடுத்தார். ஒன்றும் புரியாமல் ஒரு வாய் குடித்தான்.

அடுத்து அவன் வாயைத் திறந்தபோது தம்ளர் உதட்டிலேயே வந்து இடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். தண்ணீர் மேசையெல்லாம் சிந்தியது.

"எனக்குத் தண்ணி வேண்டாம் மேடம். நான் சொல்ல வந்ததை..."

அதோடு நின்றுவிட்டான்.

பிறகு அண்ணன் கிடந்த மாதிரியே நாற்காலியில் சாய்ந்து, கையை மேசைமேல் தளரப் போட்டான். அண்ணனுக்குக் கடைசியில் கட்டைவிரல் ஒன்றுதான் அசைந்தது. சிந்திய ஈரத்தில் கட்டைவிரலால் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தான். ஆள்காட்டி விரல்போல மேலே போய்த் தொடங்காமல், கட்டைவிரல் முதலில் கீழேதான் இறங்கியது. பிறகுதான் வளைந்து மேலே ஏறியது.

விரலை அப்படியே வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"வலியா மேடம்? நாள் பூராவும் வலின்னா சொன்னார்?"

மெஹருன்னிசா தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒவ்வொரு தடவையும் அவர் முழுசாத்தான் சொல்லியிருப்பார் சார். நாமதான் பாதியிலேயே எழுந்து தண்ணி எடுக்கப் போயிட்டோம்."